ஒரு டாங்கில் சிட்னி

மெல்பேர்ணில், ரோவிலில் இருந்த அந்தக் காலத்தில் எனக்கு இரண்டு வேலை. காலையில் முதியோர் இல்லத்தில் கிழவர் கிழவிகளின் விரலைக் குத்தி, இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது. பின்னேரம் வீட்டுக்கு வந்து என் மனுசனின் காருக்கு அதே வேலையைப் பார்ப்பது. முதலாவதற்குச் சம்பளம் தந்தார்கள். இரண்டாவதற்கு ஏச்சுத்தான்.

காருக்கு என்ன சீனி என்று கேட்பீர்கள். அது ஆறு சிலிண்டர் பழைய செடான். அதன் கொம்பியூட்டர் ஒருநாள் செத்துப் போனது. வேறு ஆளாக இருந்தால் காரை இழுத்துக்கொண்டு போங்கோ என்று விட்டிருப்பார். என் மனுசன் விடுகிற ஆளில்லை. அவர் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில், லீவு நாட்களில் பழைய கார்களைப் பந்தயத்துக்கு ஓட்டுகிற வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் தன் கராஜில் சும்மா கிடந்த ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். லப்டொப்பை அதில் கொழுவினால், எஞ்சினுக்கு எந்த நேரம் எவ்வளவு பெற்றோல் போகவேண்டும் என்று நாங்களே எழுதிவிடலாம்.

அதோடு ஒரு ஒக்சிஜன் சென்சரும் வந்தது. புகைக்குழாயில் துளை போட்டு அதைப் பூட்டினார். வெளியே போகிற புகையில் ஒக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று அது மோப்பம் பிடித்து, ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்றுப் போயிருக்கிறது என்று நம்பராகச் சொல்லும். பதினாலு புள்ளி ஏழு என்றால் சரிக்குச் சரி. நம்பர் இறங்கினால் பெற்றோல் கூட, அதை றிச் என்பார். நம்பர் ஏறினால் பெற்றோல் குறைவு, அது லீன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்க்க ஏலாது. ஆகவே லப்டொப் என் மடியில்.

மற்றக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். நாங்கள் வெலிங்டன் ரோட்டில் மேலும் கீழும் போய்க்கொண்டிருப்போம்.

"நம்பரை வாசியும்."

"பதின்மூண்டு எட்டு."

"இப்ப?"

"பதினாலு ரெண்டு."

"இப்ப?"

"இப்ப எனக்குத் தலை சுத்துது."

சிரிக்க மாட்டார். அந்த நேரத்தில் மனுசனின் காதுக்குள் என் குரல் போவதில்லை, நம்பர் மட்டும்தான் போகும்.

சென்சரைப் பூட்ட முதல் ஒரு கூத்து நடந்தது. அதைச் சுத்தமான வெளிக்காற்றில் பிடித்து, இதுதான் வெறும் காற்று என்று அதற்குக் காட்டிக் கொடுக்க வேண்டுமாம். நான் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றேன். "குசினி யன்னலைச் சாத்தும், உம்மடை பொரியல் புகை சென்சருக்குப் பிடிச்சிடும்" என்று பின்வளவில் நின்று சொன்னார். பெண்சாதிக்குப் பிடித்தால் பரவாயில்லை, சென்சருக்குப் பிடிக்கக் கூடாது. யன்னலைச் சாத்திவிட்டு முழுப் புகையையும் நானே குடித்தேன்.

அந்த வெள்ளைக்காரர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, குசினிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். திரையில் சதுரம் சதுரமாக ஒரு கட்டம் இருக்கும். மேல் வரிசைகள் எஞ்சின் சும்மா உருளுகிற நேரத்துக்கு. கீழ் வரிசைகள் அது மூச்சுவாங்கி வேலை செய்கிற நேரத்துக்கு, மேட்டில் ஏறுகிற நேரம்போல. ஒவ்வொரு சதுரத்திலும் நாங்கள் ஒரு நம்பரை எழுதினால், சென்சரைப் பார்த்துப் பார்த்துப் பெட்டி அந்த நம்பருக்குக் கொண்டுவந்து விடும். சமதரையில் என்ன விளையாட்டும் விளையாடு, கீழ் வரிசையில் மட்டும் பன்னிரண்டரைக்கு மேலே போகாதே என்றார். மேட்டில் பெற்றோல் எரிவதற்கு மட்டும் போவதில்லையாம், எஞ்சினின் உள்ளைக் குளிரப் பண்ணவும்தான் போகிறதாம். என் மனுசன் தலையாட்டினார். அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினால் கேட்கப் போவதில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும், வெள்ளைக்காரருக்குத் தெரியாது.

மனுசனுக்கு இருந்தது ஒரு வருத்தம், நோய் மாதிரி. அதைக் கஞ்சத்தனம் என்று யாரும் நினைக்கக் கூடாது. நான் சீலை வாங்கினால் முகம் சுழித்ததில்லை, வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. பெற்றோல் மட்டும்தான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த நேரம் அவரும் அவருடைய அண்ணரும் சேர்ந்து ஒரு வான் ஓட்டினவர்கள். மருந்துப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி விடுவார்கள். அதுவும் எஞ்சின் நின்றுவிடாத அளவுக்கு மட்டும். அந்த நேரம் எல்லா வாகனமும் அப்படித்தான் ஓடியது, நானும் அப்படியான பஸ்களில் ஏறி இருமிக்கொண்டு போயிருக்கிறேன். எங்களுக்கு அது ஒரு காலம், வந்தது, போனது. இவருக்கு அது கையில் ஊறிவிட்டது. மெல்பேர்ணில் சந்திக்குச் சந்தி பெற்றோல் ஷெட் இருக்கிறது என்று மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியாது. புகைக்குழாய் பெற்றோல் மணந்தால், வீட்டுக்குள் கள்ளன் பூந்த மாதிரி எழும்பி ஓடுவார்.

அண்ணரை நான் கண்டதில்லை. எங்களுக்குக் கலியாணம் முடிகிறதற்கு முன்பே இவர் இந்த நாட்டுக்கு வெளிக்கிட்டு வந்துவிட்டார், அண்ணர் ஊரில் நின்றுவிட்டார். பிறகு வன்னியில் சண்டை முடிகிற கடைசி வரைக்கும் இருந்து, முகாமில் இருந்து, கடைசியில் படகேறி வந்தார். வந்தவரை மேற்கே தூரத்தில் ஒரு தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். ஒரே நாட்டில் இருக்கிறோம், ஆனால் இடையில் முழு நாடும் கிடந்தது. எனக்குத் தெரிந்த அண்ணர் ஒரு பழைய படமும், போனில் "தங்கச்சி, சுகமா இருக்கிறியளோ" என்று கேட்கிற ஒரு குரலும்தான்.

ஒரு கோடைகாலம், புதன்கிழமை, அந்தக் குரல் கொஞ்சம் உசாராக வந்தது. கண் வைத்தியத்துக்கு என்று சிட்னிக்குக் கொண்டு வந்திருக்கிறார்களாம். சனிக்கிழமை பின்னேரம் அங்கத்தைய முகாமில் ஆட்களைப் பார்க்க விடுவார்களாம். ஞாயிறு விடியத் திரும்பவும் மேற்குக்குக் கொண்டுபோய் விடுவார்களாம். பிறகு எப்போது, எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம். அவ்வளவுதான் இருந்தது.

பிளேனில் போவம் என்று நான் சொன்னேன். "பிளேன் பிந்தினால் நாங்கள் ஆரைப் பிடிச்சுக் கேக்கிறது? சொந்த வாகனமெண்டால் எங்கடை கையிலை" என்றார். ஊரில் எத்தனையோ தரம் கப்பலுக்கும் பஸ்ஸுக்கும் காத்து நின்று ஏமாந்த ஆட்களின் கதை அது. சரி, காரிலேயே போவம் என்றேன்.

வியாழன் பின்னேரம் நான் வேலையால் வர, மனுசன் லப்டொப்பும் கையுமாக இருந்தார். எட்டிப் பார்த்தேன். பெற்றோல் குறைகிற சதுரங்கள் திரையில் சிவப்பாகத் தெரியும். அன்றைக்கு மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே சிவப்பு.

"இதென்ன, கட்டத்துக்கு அம்மை போட்டிட்டுதோ?"

"சிட்னிக்கு ஒரு டாங்கிலை போகோணும்."

"ஏன்? வழியிலை ஷெட் இல்லையே?"

"இருக்குது. இல்லாட்டி?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒருவரும் பதில் சொல்ல ஏலாது. கீழ் வரிசையைச் சுட்டிக்காட்டி, அந்த மனுசன் இதிலை கை வைக்க வேண்டாமெண்டு சொன்னவரெல்லே என்றேன். "அவர் பந்தயக்காரர். ஊத்தி ஊத்தித்தான் ஓடுவார்" என்றார். அதற்கு மேல் கதைத்தால் எனக்குத்தான் தொண்டை நோகும் என்று தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

வெள்ளி பின்னேரம் வேலை முடிந்து வெளிக்கிட்டு, வழியில் அல்பரி என்ற ஊரில் ஒரு மொட்டலில் படுத்தோம். அதுவரைக்கும் ரோடு சமதரை. நான் பதினைஞ்சரை, பதினைஞ்சரை என்று கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டு வந்தேன். பெற்றோல் முள் அசைகிறதாகவே தெரியவில்லை. மனுசனின் முகத்தில் கல்லில் நார் உரித்த சந்தோசம். நானும் ஒருக்கால், இவர் சொன்னதுதான் சரியோ என்று நினைத்தேன்.

சனி காலமை விடிய வெளிக்கிட்டோம். நேரம் தாராளமாக இருந்தது. சமைத்த சாப்பாடு உள்ளே விட மாட்டார்கள் என்றதால், உடைக்காத பிஸ்கட் பெட்டிகளும் ஒரு புதுச் சேட்டும் பின் சீற்றில் கிடந்தன. சேட்டின் அளவு எங்கள் இருவருக்கும் தெரியாது. "அண்ணை என்னைவிட மொத்தம்" என்று சொல்லிப் பெரிதாக வாங்கியவர், பாதி வழியில் "இப்ப மெலிஞ்சிருப்பாரோ" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்.

குண்டகாய் என்கிற ஊர் கிட்ட வர வர மேடுகள் தொடங்கின. வெயில் ஏறிவிட்டது. முதல் மேட்டில் ஏசியை நிற்பாட்டினார். யன்னலைத் திறந்ததும் சத்தம் கேட்டது. தகரப் பேணிக்குள் சின்னக் கல்லுகளைப் போட்டுக் குலுக்கினால் கேட்குமே, அந்தச் சத்தம்.

"இஞ்சேருங்கோ, எஞ்சின் தட்டுது."

"நம்பரை வாசியும்."

"பதினைஞ்சு நாலு. மேட்டிலை பதினைஞ்சு நாலு. கீழ் வரிசையைப் பன்னிரண்டரைக்கு மாத்திறன்."

"தொடாதையும். இந்த ஒரு மேடுதான்."

அந்த ஒரு மேடு முடிய இன்னொன்று வந்தது. சூடு காட்டுகிற முள்ளும் ஏறத் தொடங்கியது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு அண்ணரைப் பாக்கோணுமோ, பெற்றோல் மிச்சம் பிடிக்கோணுமோ?"

அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். "எனக்கு ஏலாதப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தூக்க முடியாத ஒரு பாரத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னார். "அந்த நம்பரைப் பாத்தால், ஆரோ நிலத்திலை ஊத்திற மாதிரிக் கிடக்குது."

நான் கட்டத்தைத் திறந்தேன். மாற்றுவது என்றே முடிவெடுத்துவிட்டேன், பிறகு ஏசட்டும். முதல் சதுரத்தில் விரல் வைக்கிறேன், எஞ்சின் ஒருதரம் உதறியது. பிறகு முழுக் காரும் ஆடத் தொடங்கியது. திரையில் நம்பர் பதினெட்டு, பத்தொன்பது என்று பாய்ந்தது. ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் விட்டதால், அதற்குள் போன காற்று எரியாமலே வெளியே வந்தது. அது சென்சருக்குத் தெரியாது. ஒக்சிஜன் கூடிவிட்டது, பெற்றோல் காணாது என்று பெட்டிக்குச் சொன்னது. பெட்டியும் சொன்ன சொல் தட்டாத பிள்ளை மாதிரி ஊற்று ஊற்றென்று ஊற்றியது. பின்னால் கறுப்புப் புகை. முழு ரோடும் பெற்றோல் மணம். ரோவிலில் இருந்து மிச்சம் பிடித்தது அந்தப் புகைக்குழாயால் போய்க்கொண்டிருந்தது.

ஓரத்தில் நிற்பாட்டி பொனற்றைத் திறந்தோம். எண்ணெய்ப் புகை எழும்பியது. எஞ்சினில் நெருப்புப் பொறி தட்டுகிற பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். மூன்றாவது பிளக்கின் நுனி உருகிப் போயிருந்தது, அதில் வெள்ளி நிறத்தில் பொட்டுப் பொட்டாக ஏதோ ஒட்டியிருந்தது. பிஸ்டன் உருகி ஓட்டையாகிவிட்டது என்று சொன்னார். பிளக்கைத் துணியால் துடைத்துச் சேட்டுப் பொக்கற்றில் போட்டார். நான் ஏசப் போவதற்கு எத்தனையோ சொல்லை அடுக்கி வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்தபின் எனக்கு அழுகைதான் வந்தது.

இழுத்துப் போகிற லொறி வர வெகுநேரம் எடுத்தது. இறங்கி வந்த சாரதி முதல் கேட்ட கேள்வி, "பெற்றோல் முடிஞ்சுதோ?" என்பது. அந்த ரோட்டில் நிற்கிற எல்லோரிடமும் அதைத்தான் கேட்பாராக்கும். என் மனுசனுக்கு அந்த நிலையிலும் ரோசம் வந்தது. கதவைத் திறந்து முள்ளைக் காட்டினார். பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது. அந்தக் கணக்குக்குக் கட்டாயம் சிட்னிக்குக் காணும். சாரதி பார்த்துவிட்டு, நல்லது என்று சொல்லிச் சங்கிலியைக் கொழுவினார்.

டவுனில் ஒரு கராஜ் வாசலில் காரை இறக்கினார்கள். வாடகைக்குக் கார் தருகிற இடம் ஒன்றும் அந்த ஊரில் இல்லை. அடுத்த ஊரில் இருக்கிற கடை சனி மத்தியானத்தோடு பூட்டிவிடும், நாங்கள் போன் எடுக்கிற நேரத்தில் மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பஸ் வரும், ஆனால் அது சிட்னிக்குப் போய்ச் சேர இருட்டிவிடும். முகாமுக்குப் போன் எடுத்து, என் ஆங்கிலத்தில் இருந்த அவ்வளவு பணிவையும் கொட்டிக் கேட்டேன். போனை எடுத்த பெண் பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தாள். இன்றைக்கு விட்டால் இங்கே வேறு நாள் இல்லை, வேண்டுமானால் அவரை உங்களுக்குப் போன் எடுக்கச் சொல்லி விடுகிறேன் என்றாள். அதைச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டு வைத்தேன்.

கராஜ் வாசலில் ஒரு வாங்கு கிடந்தது. அதில் இருந்தோம். பார்க்க விடுகிற நேரம் தொடங்கியது, முடிந்தது. இரண்டு பேரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும். நான் பிஸ்கட் பெட்டி ஒன்றை உடைத்து நீட்டினேன். வேண்டாம் என்றார். நான் சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன். அதில் மறைக்க என்ன இருக்கிறது.

வெயில் சாய்கிற நேரம் போன் அடித்தது. அவர் எடுக்கப் பயந்து என்னைப் பார்த்தார். நான் அமத்தி, இருவருக்கும் கேட்கிற மாதிரி நடுவில் வைத்தேன்.

"தம்பி, வெளிக்கிட்டு வந்தனியளெல்லே? நான் வாசல் பக்கத்துக் கதிரையிலை இருந்தனான். ஒவ்வொருத்தராய் வந்து போச்சினம். என்னடா நடந்தது? ஒண்டும் மோசமில்லைத்தானே?"

"இல்லை அண்ணை. நாங்கள் சுகம். கார் நிண்டு போச்சு."

"ஏன்? என்ன பிழை?"

என் மனுசனின் கை பிளக் கிடந்த பொக்கற்றுக்குள் போனது. உள்ளதைச் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"பெற்றோல் முடிஞ்சு போச்சண்ணை."

ஒரு டாங்கில் பாதி பெற்றோலோடு கார் எங்களுக்கு முன்னால் நின்றது. ரோட்டின் அந்தப் பக்கத்தில் ஒரு பெற்றோல் ஷெட், அதில் இரண்டு வாகனம் நின்று அடித்துக்கொண்டிருந்தன. இப்போது கேட்பார், வழியில் அடிக்க ஏலாதோ என்று கேட்பார், இந்த மனுசன் என்ன சொல்லப் போகிறார் என்று நான் அந்தரப்பட்டேன்.

அண்ணர் அப்படிக் கேட்கவில்லை. அவர் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருசத்துக்கு மேல். படகில் இருந்து முகாமுக்கும், முகாமில் இருந்து பிளேனுக்கும், பிளேனில் இருந்து முகாமுக்கும்தான் போயிருக்கிறார்.

"இஞ்சையும் தட்டுப்பாடே தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம் அண்ணை. இஞ்சையும் தட்டுப்பாடுதான்."

"அப்ப எனக்காக அலையாதை, ராசா. இருக்கிறதை வைச்சு வேலைக்குப் போ. கனக்க ஊத்தாதை, கொஞ்சம் கொஞ்சமாய் விட்டு ஓட்டு."

"ஓம் அண்ணை" என்றார் என் மனுசன்.